ஆறு ஸ்பீக்கருக்கு ஒரு கார்டு

மைத்துனர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது தன் ஸ்பீக்கர் செட்டை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். சின்னதாக ஐந்து, உறுமுவதற்கென்று பெரிதாக ஒன்று. ஆக ஆறு. அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். முன்னால் இருந்த இரண்டு மட்டும் பாடின. மற்ற நான்கும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வாயே திறக்கவில்லை.

வீட்டுக்காரர் கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவர். எதையும் அளக்காமல் விடமாட்டார் என்பதால் தெருவில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். ஸ்கேல் கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். மூன்றே ஓட்டை. பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியே இருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்கு. ஆறும் பாட வேண்டுமென்றால் தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு கட்டினார். அதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு மனைவியிடம் அறிவித்தார்.

அவள் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிறவள். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்கிற வேலை. நாள் முழுக்க ‘கேக்குதா, கேக்குதா’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஹெட்போன் மாட்டிய புருஷன். மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து இரண்டு பேரும் ஒரு நாளில் பேசுகிற பேச்சு ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். அதில் இவர் பங்கு பாதி ‘உம்’, பாதி ‘என்ன?’.

அறிவிப்பைக் கேட்டவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஏன் ஆறு?”

ஸ்கேலுக்கு மடை திறந்துகொண்டது. நடுவில் இருப்பது பேச்சுக்கு, பக்கத்தில் இருப்பவை பாட்டுக்கு, பின்னால் இருப்பவை மழைக்கும் காலடிச் சத்தத்துக்கும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். சாப்பிட்ட கை காய்ந்துபோனதுகூடத் தெரியவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் கம்ப்யூட்டருக்குள்ளேயே செருகுகிற கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தார். உள்ளே ஓடுகிற ஃபேன் இரைச்சல் பாட்டோடு கலந்துவிடாதா என்றாள். நியாயமான கேள்விதான். இரண்டு நாள் படித்துவிட்டு, சோப்பு டப்பா அளவில் வெளியே வைக்கிற கார்டைப் பற்றிச் சொன்னார். அட்டையில் ஆறு என்று போட்டுவிட்டு உள்ளே இரண்டுக்குத்தான் வழி இருக்கும் டப்பாவும் உண்டாமே என்றாள். திரும்பவும் படித்தார். இவளுக்கு இவ்வளவு விஷயம் ஏறும் என்று இருபது வருஷமாகத் தெரியாமல் போய்விட்டதே என்று ஆச்சரியப்பட்டார். எல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர் திறமை என்றும் மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

அறைக்கு ஒரு பிளானும் தயாரானது. ஆறு ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு, கோடுகள் வந்து சேருகிற இடத்தில் ஒரு நாற்காலி. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல நான் எங்க உட்கார்றது?”

ஸ்கேல் ரப்பரை எடுத்து நாற்காலியை அழித்தார். அந்த இடத்தில் சோபா வரைந்தார். சோபா அங்கே பொருந்தவில்லை. ஆனாலும் விட்டுவைத்தார்.

இரண்டாவது சனிக்கிழமை கடைக்குப் புறப்பட்டார்கள். பேச்சு முடியாததால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே போனார்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் எத்தனை ஓட்டை என்று விசாரித்தார். ஸ்கேல் கலர் வாரியாகச் சொன்னார்.

“அப்புறம் எதுக்கு சார் கார்டு? செட்டிங்ஸ்ல ஆறு ஸ்பீக்கர்னு போட்டா அந்த மூணுமே ஸ்பீக்கர் ஓட்டையா மாறிடும். ஒண்ணுக்கு ரெண்டு. மூவிரண்டு ஆறு.”

ஸ்கேல் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாடி அலமாரியில் இருந்த மவுஸ்களை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவர் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று துழாவ, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று வயரையும் செருகினாள். இரண்டு தட்டு தட்டினாள். ஆறும் பாடின. பின்னாலிருந்து மழை பெய்தது. மழையைக் கேட்கிற நிலையில் ஸ்கேல் இல்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க டெஸ்ட் ரூம்லயும் இதே மாதிரிதான். மாட்டினதே நான்தான்.”

“அப்போ முதல் நாளே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு வாரமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே.”

“சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டு உள்ள போய் உட்கார்ந்திருப்பீங்க.” அவள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். “இந்த ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சுங்க.”

ஸ்கேல் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை. அவளுடைய டெஸ்ட் அறையில் ஆறு ஸ்பீக்கர் இருப்பதே இன்றைக்குத்தான் தனக்குத் தெரியும் என்பதுதான் உறுத்தியது. அந்த அறைக்கு யாரெல்லாம் வருவார்கள், என்னதான் கேட்பார்கள் என்று விசாரித்தார். அவள் முதலில் ஓரிரு வார்த்தையில் சொன்னாள். பிறகு நிறையச் சொன்னாள். கேட்காத சத்தத்துக்கும் மரியாதைக்காகக் கையைத் தூக்குகிற பெரியவர்கள் நிறைய பேராம். ஸ்கேல் ஒரு தடவைகூட ‘என்ன?’ என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “பிரின்டர் ஓடவே மாட்டேங்குது. புதுசு எது வாங்கலாம்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

ஸ்கேல் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிரின்டரின் பிளக் கழற்றி, வயர் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அதை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பிரின்டர்ல ரெண்டு வகை இருக்கு,” என்று ஆரம்பித்தார்.