கைராசி அண்ணன் வைத்த விலை

பிலிமத்தலாவையில் பாதிப் பேரைப் பணக்காரராக்கிவிட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை தேடிய ஒரே மனிதர் கைராசி அண்ணன்தான். மீதிப் பாதிப் பேர் அவரைச் சந்திக்கக் கொடுத்து வைக்காதவர்கள்.

கொழும்பு–கண்டி வீதியில் நான் பில் எழுதிய ஹாட்வெயார் கடையில் அவர் மூட்டை தூக்குபவர். பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது; கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். சித்திரை வருடப்பிறப்பில் சுபநேரம் பார்த்து, ராசியான கையிலிருந்து முதல் காசை வாங்கினால் வருடம் முழுக்கப் பணம் தங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கைவிசேடத்தை அவர் கையால்தான் வாங்க வேண்டும் என்று ஊரே நின்றது. ஒரு வருடம் அவரிடம் வாங்கிய எங்கள் முதலாளி அடுத்த வருடம் மாடி கட்டினார். அவ்வளவுதான். சலூன்காரர், பாமசிக்காரர், லொத்தர்ச் சீட்டு விற்பவர் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வாடிக்கையாளரான அலவத்துகொட ஹாஜியார் மட்டும், "காசுல பரக்கத் அல்லாஹ் தாறது, கை தாறல்ல" என்பார். ஆனாலும் அவருடைய புது லொறியில் முதல் சீமெந்து மூட்டையை இவர்தான் ஏற்ற வேண்டும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். கொடுப்பதற்கு அண்ணனிடம் காசு இருக்காது. ஆகவே அவரவர் புது நோட்டை முதல்நாளே பின்கதவு வழியாக அவரிடம் தந்துவிடுவார்கள். மறுநாள் சுபநேரத்தில் அதே நோட்டை வெற்றிலையில் வைத்து அவர் திருப்பிக் கொடுப்பார். அவர்கள் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நானும் அப்படிக் கொடுத்து வாங்கியவன்தான். என் சம்பளம் மட்டும் எந்த ராசிக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசை. முழங்கால் போய்விட்டது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ஆணி, பல்பு, கயிறு விற்கிற சின்னக் கடை ஒன்றில் சொந்தமாக உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாரிடம் இதைச் சொல்லிவிட்டு வருவார். என்ன பதில் என்று கேட்டால், அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறாராம். சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளியும் அதையேதான் சொல்வார்.

பெட்ரோல் வரிசையும் விலையேற்றமும் வந்த காலத்தில் எல்லோருக்கும் எல்லாமே அலுத்துப்போயிற்று. கும்பிடவும் அலுப்பு, சேமிக்கவும் அலுப்பு. நானே கோயிலுக்குப் போவதையும் வங்கிக்குப் போவதையும் ஒரே மாதத்தில் நிறுத்தினேன். அப்போதுதான் யாரோ அண்ணனைக் கண்டியில் ஒரு மண்டபத்துக்கு இழுத்துப் போனார்கள். நிதிச் சுதந்திரம் பற்றிய இலவச வகுப்பு. அந்த வெக்கையிலும் கோட்டுப் போட்டிருந்த ஒருவர், உங்களிடம் உள்ள திறமைக்கு விலை வையுங்கள் என்றாராம். அண்ணன் பல நாள் யோசித்தார். மூட்டை தூக்குவதற்கு ஏற்கெனவே ஒரு விலை இருந்தது, அது போதவில்லை. மிச்சம் இருந்தது கை.

அந்தச் சித்திரைக்கு முன்பே எல்லோரிடமும் பணிவாகச் சொல்லிவிட்டார். கைவிசேடத்துக்கு ஐந்நூறு ரூபாய். கடை திறப்பு, வாகனம் என்றால் பேசிக்கொள்ளலாம். பிள்ளையாரிடம் இனிமேல் காசு விஷயம் எடுப்பதில்லை, சுகம் மட்டும் விசாரிப்பது என்றும் முடிவு செய்திருந்தார்.

முதலாளி முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"காசு வாங்குற கை எப்பிடிப்பா ராசியான கையாகும்?" என்றார்.

வருடப்பிறப்பன்று புதுச் சட்டையும் வெற்றிலையுமாக அண்ணன் கடைக்குப் பின்னால் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். சுபநேரம் வந்தது, போனது. ஒருவரும் வரவில்லை. முன்பக்கத்தில் ஒரு வங்கி மனேஜர் கையால் கைவிசேடம் நடந்துகொண்டிருந்தது. நான் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெற்றிலையை அவரே மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ராசின்னு நெசமா நம்பியிருந்தா ஐந்நூறு ரூவா குடுத்திருக்க மாட்டாங்களா தம்பி?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

அந்த வருடமே வேலையை விட்டார். இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதிக் காசில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை போட்டார். திறந்தது செவ்வாய்க்கிழமை, அதுவும் ராகு காலத்தில். நேரம் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டாராம். யாரையும் அழைக்கவில்லை, நான் கேள்விப்பட்டுப் போனேன். முதல் வியாபாரத்தை என்னையே செய்யச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஃபிரிட்ஜ் வாங்கிய வாரம்தான் நாட்டில் மின்வெட்டு ஆரம்பித்தது. நான் கோழி வளர்க்கப் போய், பக்கத்து வீட்டுக் கோழிகளும் சேர்ந்து செத்தன. என் கை ஆகாத கை, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ராசியான ஆளுங்க எல்லாம் அன்னைக்கு முன்பக்கம் நின்னாங்க. நீங்கதானே தம்பி பின்னால வந்து எம்பக்கத்துல குந்துனீங்க. குடுங்க காச" என்றார்.

ஒரு பல்பு வாங்கினேன். மிச்சக் காசை இரண்டு கையாலும் தந்தார்.

கடை பிரமாதமாக ஓடுகிறது என்று சொன்னால் அது பொய். உட்காரக் கதிரை இருக்கிறது, முழங்காலுக்கு ஓய்வு இருக்கிறது. தனக்குக் கிடைத்த சுதந்திரம் இவ்வளவுதான் என்கிறார். இப்போது நான் இருக்கும் குண்டசாலையில், என் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு ஹாட்வெயார் கடை உண்டு. ஆனால் ஓர் ஆணி தேவையென்றாலும், நான் இரண்டு பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போய்த்தான் வாங்கி வருகிறேன்.