வியூவும் க்யூவும்

புத்தாண்டுக் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கஸ்பார், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பிரகடனம் செய்தான்.

"ஜூடி, எழுதி வச்சுக்கோ. இந்த வருசம் பத்தாயிரம் பேரு என் கிளாரினெட்டைக் கேப்பாங்க."

உள்ளே ஜூடி பிரியாணி அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "மொதல்ல நான் சொல்றத நீ ஒர்த்தன் கேளு. தொட்டில தண்ணி தீந்துபோச்சு."

கஸ்பாருக்கு நாற்பத்தாறு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ராயபுரத்தில் கோயில் பேண்டில் பதினெட்டு வயதிலிருந்து கிளாரினெட் வாசிக்கிறான். நன்றாகவே வாசிப்பான். அதுதான் சங்கடம். மோசமாக வாசித்திருந்தால் கிண்டல் பண்ணவாவது நாலு பேர் பார்த்திருப்பார்கள்.

தினம் ஒரு வீடியோ என்று போட ஆரம்பித்தான். 'இதைக் கேட்டு அழாதவர் மனிதரே இல்லை' என்று தலைப்பு வைத்தான். முப்பத்தொரு வியூ. அதில் இருபது அவனே பார்த்தது. மனிதர்கள் யாரும் அழவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டு வாசித்தான். பதினேழு வியூ. காசிமேட்டுக் கடலில் முழங்கால் ஆழத்தில் நின்று, கண்ணை மூடி, உருகி உருகி வாசித்தான். பாதியில் ஓர் அலை வந்து வலது கால் செருப்பைக் கழற்றிக்கொண்டு போனது. அந்த வீடியோவுக்கு மட்டும் நாலாயிரம் வியூ! கீழே எழுதியிருந்தவர்கள் எல்லாரும் செருப்பு கிடைத்ததா என்றுதான் கேட்டிருந்தார்கள். வாசித்தது என்ன பாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை கிளாரினெட்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டான்.

"ஊர்ல எவனுக்கும் ரசனை இல்ல ஜூடி."

"ரசனையெல்லாம் கீது. கண்ணுதான் காலியா இல்ல. காலைல எய்ந்தா அம்பது வீடியோ வந்து குந்திகினு கீது. கை அதுவா தள்ளிகினே போவுது. சரி, நீ சொல்லு. அடுத்தவன் வாசிக்கிறத என்னிக்காச்சும் கடைசி வரைக்கும் கேட்டுகீறியா?"

கஸ்பார் யோசித்துப் பார்த்தான். கேட்டதில்லை. அந்தக் கேள்வி கொஞ்சம் ஆழமாகவே குத்தியது.

"தண்ணி லாரி வரும்போது பாரு," என்றாள் ஜூடி, தனக்குத்தானே பேசுவதுபோல. "ஒரு மணி நேரம் நிக்கணும். கண்ணை எடுத்தா எவளாச்சும் முன்னாடி பூந்துடுவா. எவளும் போனைத் தொடமாட்டா. கண்ணுக்குத்தான் வேலை. காது சொம்மாதான் கீது."

கஸ்பாரின் முகம் மலர்ந்தது. "அட! வியூ இல்லாட்டி இன்னா? க்யூ கீதே!"

"யோவ், யோவ்! அங்கெல்லாம் வந்துடாத. அவங்க முன்னாடி ஊதணும்னா தில்லு வேணும்."

"எனக்கு தில்லு இல்லன்றியா?"

"வெறுங்கையோட வந்து ஊதினா பைத்தியம்னு தொரத்திடுவாங்க. கொடம் வச்சிருந்தா அது வேற. உனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு? பேசாம பட்த்துக்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மனைவி தூங்குகிறாள் என்று நம்பிய கஸ்பார், பரணிலிருந்து கிளாரினெட்டை எடுத்தான். அக்குளில் இடுக்கிக்கொண்டான். இரண்டு கைகளிலும் இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு பூனைபோல வெளியேறினான். போர்வைக்குள் ஜூடி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதல் நாள் அவன் வாசித்தபோது க்யூவில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. முன்னால் நின்ற மீன்காரி ஜெயக்கொடி மட்டும் திரும்பினாள்.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா ஊது. லாரி ஆரன் காதுல வுழல."

அவமானமாக இருந்தது. ஆனாலும் ஜூடி முன்னால் தோற்க மனமில்லை. மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். அப்போதுதான் கூட நிற்கிறவர்களை முதல் தடவையாகப் பார்த்தான். யார் எப்போது அலுத்துப்போகிறார்கள், எப்போது சண்டை மூளும், லாரி எந்த நேரம் தெரு முனையில் திரும்பும் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மெதுவாக, சின்னச் சின்னதாக வாசித்தான். ஆரன் கேட்கிற நேரத்தில் நிறுத்தினான். குடத்தைக் காலால் தள்ளித் தள்ளி அவர்களோடு நகர்ந்தான்.

ஒரு நாள் ஜெயக்கொடியே கேட்டாள். "அண்ணே, எங்க வூட்டுக்காரு போட்டுல போவும்போது ஒரு மெட்டு சீட்டி அடிப்பாரு. பாட்டு இன்னான்னு தெரியாது. அவரு போயி ஆறு வருசம் ஆவுது. வாசிப்பியா?"

அவள் முனகிக் காட்டினாள். கஸ்பார் வாசித்தான்.

"அது இல்லண்ணே. கடைசில அப்டியே கீழ எறங்கும்."

கிரேன் மேலே உட்கார்ந்தும் அதையே முனகிப் பார்த்தான். நாலு நாள் தேடினான். ஐந்தாம் நாள், கடைசிச் சுரம் தானாக வழுக்கிக் கீழே இறங்கியது. ஜெயக்கொடி குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். லாரி வந்துவிட்டது. ஒருவரும் நகரவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஆரன் அடித்த பிறகுதான் வழக்கமான சண்டை தொடங்கியது.

ஏப்ரலில் கஸ்பாருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டான். மூன்றாம் நாள் காலையில் ஜெயக்கொடி வாசலில் நின்று கேட்டது அவன் காதில் விழுந்தது.

"அண்ணன் எங்கக்கா? ரெண்டு நாளா க்யூ நகரவே மாட்டேன்னுது."

கஸ்பார் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அவன் வராவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இங்கே இருபது பேர் தேடுகிறார்கள். காய்ச்சலால்தான் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டான்.

உடம்பு தேறியதும் மனைவியிடம் மார் தட்டினான். "வராதன்னு சொன்னல்ல? போனேன். ஜெயிச்சேன்!"

"நீ கில்லாடிய்யா," என்றாள் ஜூடி, கட்டிலில் காலை நீட்டி இரண்டாவது டீயைக் குடித்தபடி.

அந்த நீட்டிய காலைப் பார்த்தபோதுதான் கஸ்பாருக்குப் பொறி தட்டியது. "ஜூடி... பிப்ரவரிலேந்து நீ தண்ணி புடிக்கவே வரலியே?"

"ரசிகைங்க நடுவுல பொண்டாட்டிக்கு இன்னா வேலை?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைலேந்து கொடத்தைத் தொடமாட்டேன். கலைஞனாப் போவேன்!"

"போய்ப் பாரு."

போனான். இஸ்திரி போட்ட சட்டையோடு, க்யூவுக்கு வெளியே, அவர்களுக்கு எதிரே நின்றான்.

"இன்னாண்ணே, இன்னிக்கு கச்சேரியா?" என்று கேட்டாள் ஜெயக்கொடி. அடுத்த நொடி இருபது பேரும் போனை எடுத்தார்கள். ஒருத்தி படம் பிடித்தாள். ஒருத்தி அதை யாருக்கோ அனுப்பினாள். அனுப்பிய கையோடு தனக்கு வந்திருந்த வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பாட்டு முடிந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

கஸ்பார் வீட்டுக்கு வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பழைய பனியனை மாட்டிக்கொண்டு குடங்களைத் தேடினான்.

வாசலில் தயாராக வைத்திருந்தாள் ஜூடி. எண்ணிப் பார்த்தான். நாலு குடம்.

"மாடி வூட்டு சுகிர்தம் அக்காவும் உன் ரசிகையாம்யா. ஜன்னல்லேந்தே கேக்கறாங்களாம். மூட்டு வலியாம், அவங்களுக்கும் சேத்துப் புட்ச்சிகினு வந்துடு."