வேர்ஷன் நானா அழித்த பைத்தன்

கண்டியில் எதையுமே அழிக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் வேர்ஷன் நானாதான். அக்குறணையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். எங்கள் சின்ன மென்பொருள் ஆபீஸின் சேர்வர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பைத்தன் என்ற நிரல்மொழியின் ஐந்து வேர்ஷன்களை, அதாவது பதிப்புகளை, ஒரே சேர்வரில் பக்கத்தில் பக்கத்தில் குடிவைத்திருந்தார். புதுசு வந்தால் பழசைத் தூக்கக்கூடாதா என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பழசும் ஒரு பக்கத்தில ஈக்கட்டும் தங்கச்சி. அதுக்கு என்ன சோறா போடுற?"

மனுஷன் புதுக் கண்ணாடி வாங்கிய பிறகும் பழையதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பழைய ஃபைல்களை அதைப் போட்டுத்தான் படிப்பார். சேர்வரில் மென்பொருள்களைப் போட்டு எடுக்கும் பேக்கேஜ் மனேஜர் என்ற நிரல், எதையாவது போடும்போதோ எடுக்கும்போதோ, இன்னின்னது போகப்போகிறது, சரியா என்று ஒரு பட்டியல் காட்டும். நாங்கள் படிக்காமலே சரி என்று தட்டிவிடுவோம். நானா வகுப்பில் இடாப்பு கூப்பிடும் மாஸ்டர் மாதிரி ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார். அதற்குள் நாங்கள் கீழே போய் பிளேன்டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நான் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஆறு மாதம். எங்கள் குடும்பத்தில் ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை பொஸ்ஸின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அன்று காலை எனக்கு என்ன சனியன் பிடித்ததோ, சேர்வரைச் சுத்தம் செய்து நல்ல பெயர் வாங்க நினைத்து, இருந்ததிலேயே பழைய பைத்தனை அழிக்கும்படி பேக்கேஜ் மனேஜருக்குச் சொன்னேன். பட்டியல் திரை கொள்ளாமல் ஓடியது. சரி என்று தட்டினேன். சேர்வரோடு கூடவே வந்த பைத்தனாம் அது. அதை நம்பியிருந்த அத்தனையும் அதோடு போய்ச் சேர்ந்தது. குண்டசாலையில் ஒரு பல் வைத்தியர் எங்கள் மென்பொருளை வைத்துத்தான் நோயாளிகளைக் கூப்பிடுவார். யார் முதல், யார் அடுத்தது என்று தெரியாமல், கன்னம் வீங்கியவர்கள் எல்லாம் சண்டை பிடிக்கிறார்கள் என்று போன் வந்தது.

நான் அழுதேவிட்டேன். நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழசை அதே இடத்தில் திரும்பப் போட்டு, போனதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஜும்மாத் தொழுகைக்கு முன்னமே சேர்வரை எழுப்பிவிட்டார்.

அப்போதுதான் பொஸ் வந்து, பைத்தனை அழித்தது யார் என்று கேட்டார். நான் கீபோர்டையே பார்த்தேன்.

"நான்தான் அழிச்ச," என்றார் நானா.

ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பொஸ்ஸும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்து, "நான்தாங்க சேர்," என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, பொஸ் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நானா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பள்ளிவாசலுக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எனக்காக ஒருவர் அவ்வளவு மோசமாகப் பொய் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.