தின்ற பிரியாணிக்குப் பட்டம் எங்கே?

பாலோ ஊரில் இருப்பவரும், என் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்துவிட்டதால் என் மரியாதைக்கு உரியவருமான மச்சான் அப்துல் பாசித் அவர்களுக்கு, தம்போயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் லியாக்கத் அலி ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கச்சி பரக்கத் நிஷாவும் அல்லாஹ் கிருபையால் நலம். அங்கே வீட்டில் மச்சிக்கு முட்டுவலி குறைந்ததா?

விஷயம் என் மகள், உங்கள் மருமகள் இக்ராவைப் பற்றியது. போனில் சொல்லலாமென்றால் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, என் பேச்சில் எங்கெங்கே ஓட்டை என்று பிறகு விளக்குகிறாள். லண்டனில் சட்டம் படிக்கிற பிள்ளை, இன்னும் ஒரே வருஷம் பாக்கி. லீவுக்கு வந்தவள், "இனிமே போகலத்தா, கடையப் பாத்துக்கிறேன்" என்று கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். குளிர் என்றால் கம்பளி வாங்கலாம். "கம்பளி இருக்குத்தா, மனசுதான் இல்ல" என்பவளுக்கு என்னத்த வாங்குறது? வந்த வாரமே, வாரத்துல ஒரு நாள் லீவு சட்டத்துல இருக்குன்னு ரொட்டி போடுற ஐயாசாமிக்குச் சொல்லிக் குடுத்துட்டா. அவன் ஞாயித்துக்கிழமை வரல. நான் வீசின ரொட்டி மேல சுத்துற காத்தாடியில மாட்டிக்கிச்சு லா.

அது கிடக்கட்டும், அந்தப் பிரியாணிக்கு என்ன பதில் மச்சான்? போன வருஷம் உங்க இதய ஆபரேஷனுக்கு முந்தி, "அப்புறம் ஆட்டுக்கறி தொடக்கூடாதாம், மருமக பட்டம் வாங்குற விருந்த இப்பவே வெச்சிடுங்க"ன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆடு அறுத்தேன். ஸ்டூடியோவுல கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்து, அவளுக்குப் போட்டுப் படம் பிடிச்சு, கல்லாவுக்கு மேல மாட்டினேன். ஊரே தின்னு செரிச்சாச்சு. இப்ப பட்டம் இல்லன்னா எந்த முகத்த வெச்சிக்கிட்டு நான் சால்னா ஊத்துவேன்? அவகிட்ட கேட்டா, "பிரியாணி நல்லாத்தானே இருந்துச்சு, யாராச்சும் கேஸ் போட்டாங்களா?"ங்கறா. அய்யோ, அலமாக்!

வெள்ளிக்கிழமை விமானம். அதற்கு முன் தாங்கள் வந்து, தாய்மாமன் முறையில் நாலு அதட்டு அதட்டி அவளை ஏற்றிவிட வேண்டும். மச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ, தங்கள் இதயத்துக்குத் தனியாக ஒரு துஆ.

இப்படிக்கு,
லியாக்கத் அலி

பி.கு: இதைக் கொடுத்தனுப்ப, பாலோ போகும் கோழி லாரிக்குக் காத்திருந்தபோதே கதை மாறிவிட்டது. வாடிக்கையாகத் தேத்தண்ணி குடிக்க வரும் புஷ்பவள்ளி அக்காவை, வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லி மிரட்டுகிறாராம். இக்ரா சட்டத்தைப் புட்டுப் புட்டு வைத்தாள். அக்கா மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "அப்ப நீயே என் வக்கீலா வந்து பேசும்மா" என்றார். இவளும் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இன்னும் ஆகலக்கா" என்றாள். பிறகு, "முடிச்சிட்டே வந்துடறேன்த்தா" என்று மாடிக்குப் போய்ப் பெட்டி அடுக்குகிறாள். நிஷா அழுதுகொண்டே ஊறுகாய் கட்டுகிறாள். கல்லாவில் பழையபடி நான். என் பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்க ஆளில்லை, கடை வெறிச்சென்று கிடக்கிறது. மச்சான், நீங்க கட்டாயம் வாங்க. தாய்மாமன் முறையில நாலு அதட்டு அதட்டி, போக வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.