அனவுன்சர் சாரின் மௌனம்

காலை எட்டேகால் மணி தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில், எங்கள் பெட்டிக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கலாம். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட மட்டும் முடியாது. அனவுன்சர் சார் விடமாட்டார்.

அப்போது ஏதோ அலுவலகத்தில் ஹெட் கிளார்க். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ரயிலில் பதிவு செய்த குரல் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டுதான் வரும். அதை அவர் மதித்ததே இல்லை.

"அந்தம்மா பொதுவா சொல்றாங்க. நான் ஆளைப் பார்த்துச் சொல்றேன்" என்பார். சொன்னால் அடுத்த பெட்டிக்கும் கேட்கும்: "பல்லாவரம்! பேங்க் மேடம், டிபன் பாக்ஸ் மேலேயே இருக்கு! கிண்டி! செக் சட்டை தம்பி, வாயை மூடிட்டு எழுந்திரு!"

இப்போது அவர் ஓய்வு பெற்று மாடம்பாக்கத்தில் இருக்கிறார். பெட்டியும் ரொம்ப நாகரிகமாகிவிட்டது. எல்லார் காதிலும் இயர்போன்.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு தடவை சளியும் காய்ச்சலுமாகக் குன்றத்தூரில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனார். இரண்டு நாள் பந்தி மேற்பார்வை. "சாம்பார் இங்கே!" என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டாராம். திங்கட்கிழமை ரயிலில் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மறுநாள் ஒரு குட்டி நோட்டை எல்லோருக்கும் காட்டினார். "குரல்வளையில் வீக்கம். வைரஸாம். கத்தியதில் கூடிவிட்டது. ஆன்டிபயாடிக் தேவையில்லை. தண்ணீர், ஆவி, ஓய்வு. பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது."

பெட்டியில் அத்தனை பேரும் வைத்தியர் ஆனார்கள். ஒருவர் அதிமதுரம் நீட்டினார், ஒருவர் மிளகு, பேங்க் மேடம் பனங்கற்கண்டு. சார் நெகிழ்ந்துபோய் மெல்லிய குரலில் நன்றி சொல்ல முயன்றார். மாம்பலத்துக்குப் பூ கொண்டுபோகும் செல்வியக்கா பாய்ந்தார்.

"இன்னா சார், குசுகுசுன்னு பேசுனா தொண்டைக்கு இன்னும் பேஜாருன்னு நீதானே எழுதிகினு வந்துகீற? இன்னொரு தபா வாயத் தொறந்தே, மல்லியோட சேத்துத் தொடுத்துடுவேன்!"

அந்த வாரம் செக் சட்டை தம்பி இரண்டு முறை கடற்கரை வரை போய்த் திரும்பினான். நானே ஒரு நாள் என் ஸ்டேஷனைத் தாண்டி எழும்பூரில்தான் கண் விழித்தேன்.

பத்தாம் நாளும் குரல் வரவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டை நீட்டினார். "இன்று மறுபடி டாக்டரைப் பார்க்கிறேன். மூன்று வாரம் தாண்டினால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். வராமலே போய்விடுமோ?" எழுத்து கோணலாகியிருந்தது. டாக்டர் இருக்கும் சைதாப்பேட்டையில் நானும் அவரோடு இறங்கிவிட்டேன்.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்த்தார். "வீக்கம் நல்லா வடிஞ்சிருக்கு. சிலருக்கு ரெண்டு வாரம்கூட ஆகும், பயப்படாதீங்க. சும்மா சும்மா செருமாதீங்க. இப்போ மெதுவா ஏதாவது பேசுங்க. வழக்கமா பேசுற மாதிரி."

"வழக்கமா பேசுறது மெதுவா இருக்காதே, டாக்டர்" என்றேன் நான்.

சார் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னை. துருப்பிடித்த கேட்டைத் தள்ளுவது போலக் கரகரவென்று ஒரு குரல் வெளியே வந்தது.

"உங்களுக்கு... ஆபீஸ் லேட்டாகலையா?"

பத்து நாள் கழித்துக் கிடைத்த முதல் வாக்கியம். அதை மனுஷர் எனக்காகச் செலவழித்துவிட்டார்.