கொப்பரைக் களத்து ஆக்ஸல்

எனக்குக் குதிக்கத் தெரியும், போகத் தெரியாது. பதினெட்டு வயதில் என் ஸ்கேட்டிங் திறமை மொத்தமும் இவ்வளவுதான். காலில் எட்டுச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு நேராகப் போ, வளைந்து போ, நில் என்றால் தடுமாறுவேன். குதி என்றால் குதித்துவிடுவேன். நடக்கப் பழகும் முன் மாடிப்படி ஏறிய குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். (குழந்தைக்காவது யாராவது பின்னாலேயே ஓடி வருவார்கள்.)

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். அப்பா தேங்காய் உடைப்பார். அம்மா காய்ந்த பருப்பைத் தோண்டி எடுப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். களத்து முதலாளியின் மகன் மேல்படிப்புக்கு வெளிநாடு போனபோது விட்டுப்போன ஸ்கேட்ஸ் என் காலுக்குச் சரியாகப் பொருந்தியது. சாயங்காலம் கொப்பரையை அள்ளிக் குவித்த பிறகு, அந்த அகலமான சிமெண்டுத் தரை முழுவதும் எனக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கு வகுப்புக்குப் போவேன். சொல்லிக்கொடுத்தவர் சங்கீதா அக்கா. என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். எட்டு மாதம் என்னை வட்டம் மட்டுமே போட வைத்தார். பிறகு எட்டு என்ற எண்ணின் வடிவம். சக்கரத்தின் உள்விளிம்பில் சாய்ந்து ஒரு வட்டம், வெளிவிளிம்பில் சாய்ந்து ஒரு வட்டம். குதிக்கட்டுமா என்று கேட்டால், காலைத் தள்ளி வேகம் எடுக்கவே தெரியாதவனுக்குக் குதிப்பு எதற்கு என்பார். எனக்கு அவமானமாக இருக்கும். ஊருக்குத் திரும்பியதும் செல்போனில் வீடியோ பார்த்து, களத்தில் குதித்துக் குதித்து ஆக்ஸலைப் பிடித்துவிட்டேன்.

ஆக்ஸல் என்றால், முன்னோக்கிப் போகிற வேகத்திலேயே எம்பி, ஆகாயத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு இறங்குவது. களத்தில் பத்துக்கு எட்டு முறை சரியாக இறங்குவேன். இறங்கியதும் நிற்கத் தெரியாததால் தேங்காய் மட்டைக் குவியலில் போய் விழுவேன். அதையும் நடனத்தின் ஒரு பகுதியாகத்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் பிளஸ் டூவில் எனக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர ஒரே வழி, விளையாட்டுக்கான ஒதுக்கீடு. அதற்கு, பாட்டுக்கு ஏற்றபடி தனியாக ஸ்கேட்டிங் ஆடிக் காட்டும் மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் ஒன்றின் சான்றிதழ் வேண்டும். என் வயதுப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

சங்கீதா அக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“விழுகாம சுத்தி வாங்க தம்பி. சின்னதா ரெண்டு குதி. கும்புட்டுட்டு வந்துருங்க. சீட்டு உங்களுக்குத்தானுங்க.”

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மூன்று பேரில் மூன்றாவதாக வந்து சீட்டு வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? தவிர, களத்து ஆட்கள் பதினொரு பேர் லீவு போட்டுவிட்டு டெம்போவில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஸ்கேட்டிங் என்றால் ஆகாயத்தில் சுற்றுவது. போட்டி விதிகள் இரண்டு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் தாளில் எந்தக் குதிப்புக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற பட்டியல் இருந்தது, மனப்பாடம் செய்தேன். இரண்டாம் தாளைப் புரட்டவே இல்லை. இரண்டு சின்னக் குதிப்புகளை எடுத்துவிட்டு, அக்காவுக்குத் தெரியாமல் மூன்று ஆக்ஸல்களை வைத்துக்கொண்டேன்.

போட்டியன்று காலையில் ஸ்கேட்ஸ் கயிற்றை மூன்று முறை அவிழ்த்து மூன்று முறை கட்டினேன். தளம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். பாட்டு ஆரம்பித்தது.

முதல் ஆக்ஸலுக்குப் போனேன். போனேன் என்பதே அதிகப்படி. களத்தில் இரண்டு தள்ளு தள்ளினால் காற்று காதில் அடிக்கும். இங்கே ஆறு தள்ளு தள்ளியும் சட்டைக் காலர்கூட அசையவில்லை. இருந்த வேகத்தில் குதித்தேன். அரைச் சுற்று. பஸ் படியிலிருந்து இறங்குகிற பெரியவர் மாதிரி பொத்தென்று இறங்கினேன். இரண்டாவது ஆக்ஸலில் அதுவும் இல்லை, நின்ற இடத்திலேயே திரும்பி நின்றேன். பார்வையாளர்கள் பக்கத்தில் யாரோ, உடம்புக்கு முடியலையோ என்று பரிதாபப்பட்டது தெளிவாகக் கேட்டது.

மூச்சு வாங்கியது. ஒரு நிமிடம் இன்னும் பாக்கி. சீட்டு போய்விட்டது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. (போகவில்லை. அப்படியே கும்பிட்டுவிட்டு நின்றிருந்தால்கூட மூன்றாவது இடம் எனக்குத்தான். இதை எழுதும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.) என் காலுக்கு என்ன ஆனது, சக்கரத்துக்கு என்ன ஆனது, ஒன்றுமே விளங்கவில்லை. அப்போதுதான் கம்பித் தடுப்புக்கு வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“கண்ணு, நம்ம களத்துல வாட்டம் இருக்குதல்லோ. இது மட்டத்தர. அந்த மேட்டுல ஏறி வா.”

மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காகக் களத்தை ஒரு பக்கம் சாய்த்துத்தான் போடுவார்கள். அந்தச் சாய்வுக்குப் பெயர் வாட்டம். அந்தக் களத்துக்குச் சிமெண்டு குழைத்துப் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். பிறந்ததிலிருந்து அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவன் நான். நானும் தண்ணீர் மாதிரியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்த நொடியில்தான் புரிந்தது. இரண்டு வருடமாக வேகம் கொடுத்தது என் கால் இல்லை, கொத்தனார்.

அப்பா கை காட்டிய திசையில் தளத்தின் வாசல். வாசலுக்கு வெளியே, சக்கர நாற்காலிகள் ஏறி இறங்க ஒரு சாய்தளம். அந்தக் கட்டடத்திலேயே சாய்வாக இருந்த ஒரே தரை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலைத் தாண்டி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினேன். அவசரமாகக் கழிப்பறைக்குப் போகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா வழிவிட்டார். சங்கீதா அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

உச்சியில் திரும்பினேன். கம்பியை விட்டேன். காற்று காதில் அடித்தது. வாசலைத் தாண்டித் தளத்துக்குள் நுழைந்து எம்பினேன். ஒன்றரைச் சுற்று. ஒற்றைக் காலில் பின்பக்கமாக, வெண்ணெயில் கத்தி போல இறங்கினேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆக்ஸல் அது. பதினொரு பேரும் விசில் அடித்தார்கள். மட்டைக் குவியல் இல்லாததால் நடுவர்களின் மேஜையில் மோதி நின்றேன்.

தலைமை நடுவர் தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு இரண்டாம் தாளைக் காட்டினார். பாட்டு முடியும் முன் தளத்தை விட்டு வெளியேறினால் போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்படும். பரிசு மேடையில் மூன்றாம் படி காலியாக இருந்தது. முதல் பரிசு வாங்கிய பையன் ஒரு ஆக்ஸல்கூடப் போடவில்லை. வட்டமும் எட்டும்தான், நடுவில் இரண்டு சின்னக் குதிப்புகள். அவன் போனதைப் பார்த்தபோது தரை அவனுக்கு மட்டும் சாய்ந்து கொடுப்பது போல இருந்தது.

எல்லோரும் டெம்போவில் திரும்பினோம். பல்லடம் தாண்டியதும் அம்மாதான் மெதுவாகக் கேட்டார். “மூணு பேருதான இருந்தீங்க. அப்ப நீ எத்தனாவது கண்ணு?”

அப்பா விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “நாலாவது” என்றார்.

கல்லூரி சீட்டு கிடைக்கவில்லை. ஒரு வருடம் களத்தில் மூட்டை தூக்கினேன். ஞாயிறு தவறாமல் அக்காவிடம் வட்டம் போட்டேன், இந்த முறை வாய் திறக்காமல். அடுத்த வருடம் ஒரு ஆக்ஸல்கூட இல்லாமல் இரண்டாவது இடம் வந்து, அதே கல்லூரியில் சேர்ந்தேன். இன்றைக்கு ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஆனால் வீட்டில் யாருக்கும் அந்த இரண்டாவது இடம் நினைவில்லை. மூன்று பேரில் நாலாவதாக வந்ததுதான் கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு போகிறது. சொல்வது எப்போதும் அப்பா. சாய்தளம் வரை சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். மேட்டைக் காட்டியது யார் என்பதை மட்டும் விட்டுவிடுவார். நானும் சொன்னதில்லை.

போன தை மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி வந்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“படிச்ச பையன்னு சொல்றீங்க. பாட்டு ஓடீட்டு இருக்கறப்ப ஏனுங்க போயி மேட்டுல ஏறுனாரு?”

பயத்தில்தான் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“நாந்தானுங்க ஏறச் சொன்னேன்.”

அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

“அப்பறம் என்னுங்க, நீங்க அஞ்சாவது.”

பெண் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவள் இப்போது எங்கள் வீட்டில் ஆறாவது.