தினமும் பாதியாகும் வேகம்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. இங்கே எங்கள் சர்வரைத் தவிர அனைவரும் நலம். புது வீட்டில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும், உடையாமல் வந்து சேர்ந்த பாத்திரங்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

இன்று காலை முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடு மாறியபோது ஏன் வரவில்லை என்று உங்களுக்கு விளக்கத்தான். அன்று போனில் சொன்னபோது, "கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னா நீ பின்னாடி நின்னு தள்ளப் போறியாக்கும்?" என்று கேட்டு வைத்துவிட்டீர்கள். ஏறக்குறைய அதைத்தான் செய்தேன் அண்ணி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய கணினிக்குள் பன்னிரண்டு கணினிகள் குடியிருக்கின்றன. நிஜமானவை அல்ல, கணினி போல நடந்துகொள்ளும் மென்பொருள்கள். ஒவ்வொன்றும் டிஸ்க் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் எல்லாவற்றுக்கும் ஒரே டிஸ்க்தான், பன்னிரண்டு குடித்தனத்துக்கு ஒரே குழாய் மாதிரி. கணக்குப் பிரிவின் கணினி மட்டும் அண்டா அண்டாவாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் போன வாரத் தொடக்கத்தில் நான் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு ஒரு குட்டிக் கட்டளைப் பட்டியல், எழுதினேன். ஒவ்வொரு கணினியும் நொடிக்கு எத்தனை முறை டிஸ்க்கைத் தொடலாம் என்று இருக்கிறதோ, அதைப் பாதியாக்கிவிடும். எட்டாயிரம் நாலாயிரமாகும், எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும், கதை முடிந்தது.

முடியவில்லை. வெள்ளிக்கிழமை முணுமுணுப்பு, சனிக்கிழமை கூச்சல். ஞாயிறு காலை, நான் உங்கள் வீட்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மேலாளர் கூப்பிட்டார். "மேடம், ஒரு ஃபைல் திறக்கச் சொல்லிட்டுப் போய்க் குளிச்சிட்டு வந்தேன், இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு." போனேன். டிஸ்க் சாகப்போகிறது என்று நினைத்துச் சோதித்தேன், கல்லு மாதிரி இருந்தது. கேபிளை மாற்றினேன். மேலாளர் எல்லாவற்றையும் அணைத்துப் போடச் சொன்னார். போட்டோம், எழுந்திருக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது, ஏனென்றால் எழுந்திருப்பதற்கும் அதே டிஸ்க்தான் வேண்டும். மாலையில்தான் வரம்பைப் பார்த்தேன். நாலாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு. கையாலேயே நாலாயிரமாக்கினேன். கைதட்டினார்கள். திங்களன்று இரண்டாயிரம், செவ்வாயன்று ஆயிரம். நாற்பத்தாறு வயதில் காலையில் எழும்போது எனக்கும் இப்படித்தான் இருக்கிறது, அதனால் முதலில் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை.

நேற்றுதான் பிடிபட்டது. ஒரே ஒரு முறை ஓட வேண்டிய ஸ்கிரிப்டைத் தினமும் காலையில் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார் எங்கள் ஒப்பந்த ஊழியர். ஐம்பது வயதுக்காரர். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார், அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே சரிங்க. அப்படிப்பட்டவர் நேற்று முதல் முறையாக வேறொன்று சொன்னார். "நீங்கதான் மேடம் தினமும்னு மெசேஜ் போட்டீங்க."

"நானா? என்னங்க பேசறீங்க! நான் ஏன் அப்படிச் சொல்லப் போறேன்?"

"காட்டுய்யா அந்த மெசேஜை," என்றார் மேலாளர்.

"போன் தண்ணியில விழுந்து, போன வாரம்தான் சார் புதுசு வாங்கினேன். பழசுல இருந்த எதுவும் இதுல இல்ல."

"ரொம்ப வசதியாப் போச்சு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து கணக்கை முடிச்சிட்டுப் போ."

"சரிங்க," என்றார். அவர் மகள் இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பாவமாக இருந்தது. ஆனாலும் அண்ணி, இருபது வருஷமாக இதே வேலை பார்ப்பவள் நான். செய்த தப்பை என் தலையில் கட்டினால் கோபம் வராதா? ஒருவருடைய அஜாக்கிரதையால் உங்கள் சாமான் சுமக்க ஒரு கை குறைந்தது என்பதுதான் நடந்தது. என் மேல் குற்றமில்லை.

அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். புது வீட்டில் ஜன்னல்கள் ஒட்டாமல் திறக்கட்டும், பக்கத்து வீட்டார் அளவோடு பேசட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நாத்தனார்

பி.கு.: உறையில் எழுத உங்கள் புது விலாசம் வேண்டியிருந்தது. லாரி ஆறு மணிக்கு வரும் என்று நீங்கள் அனுப்பிய செய்தியில் அது இருந்த ஞாபகம். போனில் 'ஆறு மணி' என்று தேடினேன். இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று உங்களுடையது. இன்னொன்று நான் சரிங்கவுக்கு அனுப்பியது: "தினமும் காலை ஆறு மணிக்கு ஓடட்டும்." அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன். அப்போது நீங்கள் லைனில் திரைச்சீலை நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் உம் கொட்டிக்கொண்டே தட்டியிருக்கிறேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, விரல் என்னுடையது.

ஆகவே மேலே எழுதியதில் வணக்கமும் முத்தங்களும் தவிர எதையும் நம்ப வேண்டாம். நாளை வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு அவருக்கு முன்னால் நான் அந்த அறைக்குள் போகிறேன், போனைக் கையில் எடுத்துக்கொண்டு. என்னை அனுப்பினாலும் அனுப்பட்டும். என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.